‘பயனுள்ள புத்தகம்’ என்று அவள் சொன்னால்

பிள்ளைகள் படிக்கும் ஒரு புத்தகத்தைத் தீர்த்துக்கட்ட வேண்டுமென்றால் அதைத் திட்டக் கூடாது. திட்டினால் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஓடிவந்து வாங்கிவிடுவார்கள். “ரொம்பப் பயனுள்ள புத்தகம்” என்று அவர்கள் காதில் விழும்படி பெற்றோரிடம் சொன்னால் போதும். இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் புத்தகக் கடையின் மாடியில் பிள்ளைகள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் என் தோழியிடம். சொந்தத் தம்பி எழுதிய நாவலை அவள் அப்படித்தான் ஒழித்தாள். நான் கீழே, வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பில் போடுகிறவள். யார் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அவள் பக்கம். நடுநிலையாகப் பேசுவதெல்லாம் எனக்கு வராது.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்த்தால் கதைப்புத்தகம் கொடுக்கிறவள் மாதிரி இருக்க மாட்டாள். நல்ல உயரம், பேருந்து நிலையத்தில் ஆள் கூப்பிடுகிற தொண்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. பிள்ளைகளைக் கொஞ்சுகிற ஜாதி இல்லை. மாடிப்படி முடியும் இடத்தில் நின்றுகொண்டு “கையைக் காட்டு” என்பாள். விரலில் எண்ணெயோ மையோ இருந்தால் கழுவிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள். கல்யாணம் ஆகி, சரிப்பட்டு வராமல், ஒரே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். அதைப் பற்றி யாராவது துருவினால், “முதல் அத்தியாயத்திலேயே தெரிஞ்சுபோச்சு, அப்புறம் எதுக்கு முழுசும் படிக்கணும்?” என்பாள். கடைக்கு வந்த புதிதில் கிடங்கில் பெட்டி பிரிக்கும் வேலைதான் கொடுத்தார்கள். பிரித்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவளைத் திட்டுவதற்காக மேனேஜர் போனார். போனவர் அவள் சொன்ன கதையைப் பாதி கேட்டுவிட்டு, மீதியைப் படிக்க அந்தப் புத்தகத்தோடு வீட்டுக்குப் போனார். மறுவாரம் அவளை மாடிக்கு மாற்றினார். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு. தலைக்கனம் என்றுகூடச் சொல்லலாம், சொன்னால் ஒத்துக்கொள்வாள்.

பால்பல் விழுந்த வயதுக்கும் மீசை அரும்பும் வயதுக்கும் நடுவில் இருக்கும் பிள்ளைகள்தான் அவள் ராஜ்ஜியம். அந்த வயதுக்குச் சாகசக் கதையும் சரித்திரக் கதையும்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் ஊறுகாய் என்பாள். என்ன மாதிரிப் புத்தகம் வேண்டும் என்று எந்தப் பிள்ளையையும் கேட்க மாட்டாள். “கடைசியா எதைப் பார்த்துப் பயந்தே?” என்றுதான் கேட்பாள். தண்ணீருக்குப் பயந்தவனுக்குக் கப்பல் கதை. இருட்டுக்குப் பயந்தவளுக்குக் குகையில் மாட்டிக்கொண்டவர்கள் கதை. எதற்கும் பயமில்லை என்று மார்தட்டுகிறவனுக்கு, அரண்மனைச் சமையலறையில் விஷம் கலந்தது யார் என்று ஒரு சிறுமி தேடுகிற கதை. சரித்திரக் கதையைச் சொல்லும்போது ராஜாவைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். ராஜாவின் குதிரைக்குப் புல் போடுகிறவனைப் பற்றிப் பேசுவாள். ராஜா எப்படியும் பிழைத்துக்கொள்வார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், புல் போடுகிறவன்பாடுதான் தெரியாது என்பது அவள் கணக்கு.

கதையை ஆரம்பித்து, ஆள் கிணற்றுக்குள் கயிற்றில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, மேலே யாரோ அந்தக் கயிற்றைத் தொட்டார்கள் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். “அப்புறம்?” என்று பிள்ளை கேட்கும். “அப்புறம் உள்ளே இருக்கு” என்று புத்தகத்தைக் கையில் வைப்பாள். அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது. அப்படி வாங்கின புத்தகத்தைப் படிக்காமல் மூலையில் போட்டதாக ஒரு பிள்ளையும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘அப்புறம் அத்தை’ என்றுதான் அவளுக்குப் பெயர். அவள் ஒரு சொல் சொன்னால் அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் அது வேதவாக்கு.

இந்த வித்தையை அவள் பழகியது தம்பியிடம். அப்பா தொலைதூர லாரி ஓட்டுகிறவர், அம்மா ஆலையில் வேலை. தம்பி மதில் ஏறிக் குதித்துக் காலை முறித்துக்கொண்டான். ஒரு கோடை விடுமுறை முழுக்க மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான். அவனை அசையாமல் கிடத்தி வைக்கிற வேலை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அக்காவின் தலையில் விழுந்தது. ஓடியாட முடியாத பிள்ளை எவ்வளவு படுத்தும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். அவனுக்காகத்தான் அந்த மணிக்கதையை அவள் கட்டினாள்.

கோட்டையை எதிரி பிடித்துவிடுகிறான். கோபுரத்தில் ஒரு பெரிய மணி. அது அடித்தால் நான்கு கதவுகளும் மூடிவிடும், உள்ளே இருப்பவர்கள் தப்ப முடியாது. அந்த மணியை வார்த்த கொல்லரின் மகள், ஒல்லிப்பிச்சான் பெண், கோபுரத்தின் உட்பக்கமாக ஏறி, மணியின் இரும்பு நாக்கைக் கழற்றித் திருடிக்கொண்டு இறங்க வேண்டும். நாக்கு அவளைவிடக் கனம். இதுதான் கதை. தினமும் அந்தப் பெண்ணை எங்கேயாவது தொங்கவிட்டுவிட்டுச் சோறு பிசைய எழுந்து போய்விடுவாளாம். தம்பி மாவுக்கட்டை இழுத்துக்கொண்டு கட்டில் ஓரம் வரைக்கும் வந்து கெஞ்சுவானாம். சாப்பாட்டு நேரத்தில் அவள் இந்தக் கதையை எனக்கும் சொல்லியிருக்கிறாள். வேறு யாருக்கும் சொன்னதில்லை, அது வீட்டுக்கதை என்பாள்.

தம்பி படித்தான், விளம்பரக் கம்பெனியில் பெரிய வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான், ஒரு மகள் பிறந்தாள். அக்காவை மறந்தவன் இல்லை, அப்படிச் சொன்னால் பாவம். எப்போதாவது போன் செய்வான். ஒரு சமயம் அடிக்கடி செய்ய ஆரம்பித்தான். அந்தப் பெண் எப்படி ஏறினாள், காவல்காரன் எங்கே நின்றான், நாக்கை எதில் சுற்றி இறக்கினாள் என்று துருவித் துருவிக் கேட்டான். மகளுக்குச் சொல்லத்தான் கேட்கிறான் என்று நினைத்து, இவளும் வாய் நிறையச் சிரிப்போடு ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அந்த நாட்களில் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால்கூட அவளுக்குக் கால் வலிக்கவில்லை.

புத்தகம் எங்கள் கடைக்கு வந்த பெட்டியை அவளே பிரித்தாள். ‘மணியின் நாக்கு’ என்று தலைப்பு, அட்டையில் கோபுரத்தில் தொங்கும் பெண், கீழே தம்பியின் பெயர். முதலில் அவள் சந்தோஷப்பட்டாள் என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பிரதியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவந்து, “என் தம்பி எழுதிட்டான்” என்று கடை கூட்டுகிறவர் வரைக்கும் காட்டினாள். பிறகு நன்றிப் பக்கத்தைத் திருப்பினாள். மனைவிக்கு நன்றி, மகளுக்கு நன்றி, ஆபீஸ் நண்பர்களுக்கு நன்றி, எழுதும்போது காலடியில் படுத்துக்கிடந்த நாய்க்கு நன்றி. அக்கா என்ற சொல்லே இல்லை. பக்கத்தைப் புரட்டிப் பின்னாலும் பார்த்தாள். “விழாவில் சொல்லுவான், சொல்லாம இருப்பானா?” என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

விழா எங்கள் கடை மாடியிலேயே நடந்தது. நாற்காலி போட்டது அவள், மைக்கைச் சரிபார்த்தது அவள், வந்தவர்களுக்குப் பிஸ்கட் தட்டு நீட்டியதும் அவள். தம்பி நன்றாக உடுத்தி, நன்றாகப் பேசினான். “சின்ன வயசுல எனக்குக் கதை சொல்ல எங்க வீட்டுல யாரும் இல்லை. அந்தப் பசிதான் இன்னைக்கு என்னை எழுத வெச்சிருக்கு” என்றான். கூட்டம் உச்சுக்கொட்டியது. அவள் பிஸ்கட் தட்டோடு நான்காவது வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைத்தான் பார்த்தேன். தட்டு ஆடவில்லை. ஒரு பெரியவருக்கு இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினாள்.

முடிந்ததும் எல்லோரும் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். அவளும் நின்றாள். ஏன் நின்றாள் என்று எனக்கு இன்றும் தெரியாது, கடைசி வாய்ப்பு கொடுத்தாளோ என்னவோ. தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே இருந்தவன் அவள் நீட்டிய பிரதியிலும் ‘அன்பு வாசகிக்கு வாழ்த்துகளுடன்’ என்று எழுதித் தள்ளினான். அதை வாங்கிக்கொண்டு கீழே வந்து என்னிடம் காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானாக இருந்தால் அங்கேயே அவன் தலையில் அந்தத் தட்டைக் கவிழ்த்திருப்பேன். அவள் புத்தகத்தைத் தன் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, “வாசகின்னா வாசகி வேலையைப் பார்க்கிறேன்” என்றாள்.

மறுநாள் நான் கடைக்கு வந்தபோது மாடிப்படி ஏறியதும் கண்ணில் படுகிற மேசையில் ‘மணியின் நாக்கு’ கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தது. உனக்குச் சூடு சொரணை இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். “பேசாம பாரு” என்றாள். முதலில் வந்தது ஒரு அம்மாவும் துறுதுறு என்று ஒரு பையனும். என் தோழி பையனின் கையைப் பார்க்கவில்லை, எதற்குப் பயந்தாய் என்று கேட்கவில்லை. அவன் பக்கமே திரும்பாமல் அம்மாவிடம் பேசினாள், எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. “ரொம்பப் பயனுள்ள புத்தகம்மா. சரித்திர அறிவு வளரும். புதுப்புதுச் சொல் கத்துக்கலாம். நல்லொழுக்கமும் இருக்கு. பரீட்சைக்குக்கூட உதவும்.” அம்மாவின் முகம் மலர்ந்தது. பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கசாயத்தைக் கண்டவன் மாதிரி ஆகிவிட்டான். அந்த அம்மா இரண்டு பிரதி வாங்கினாள், ஒன்று அவள் ஓரகத்தி பிள்ளைக்கு.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பொய் என்று ஒரு சொல்லைக் காட்ட முடியாது. கெடுதலாக ஒரு வார்த்தை இல்லை. மணியைப் பற்றியோ கோபுரத்தைப் பற்றியோ ஏறின பெண்ணைப் பற்றியோ மட்டும் மூச்சு விட மாட்டாள். அப்பாக்கள், அம்மாக்கள், டியூஷன் எடுப்பவர்கள் என்று எல்லோரும் அள்ளிக்கொண்டு போனார்கள். நான் பில் போட்டே களைத்தேன். ஆனால் ஒரு பிள்ளையாவது அந்தப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என் மேசைக்கு வரவில்லை. பெரியவர்கள் கையில்தான் வரும், பிள்ளைகள் பின்னால் காலை இழுத்துக்கொண்டு வருவார்கள். எத்தனையோ வருஷமாக அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், இது எனக்கு நன்றாகவே தெரிகிற வித்தியாசம்.

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. புத்தகம் பறக்கிறது என்று பூரித்துப்போய் ஒரு பெரிய சாக்லேட் பெட்டி அனுப்பினான். “நீதான் தள்ளிவிடுறியாமே, தேங்க்ஸ்க்கா” என்று சீட்டு வேறு. அவள் பெட்டியை என் மேசையில் வைத்து எல்லோரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் நாலைந்து எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் சொல்லாத நன்றியை, அவள் குழி பறிக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்கிறானே என்று நினைத்தபோது இன்னும் இனித்தது.

அடுத்த அடிதான் பெரிய அடி. கோடை விடுமுறைக்கு முன்னால் பள்ளிக்கூடங்களிலிருந்து டீச்சர்கள் வருவார்கள், பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் சொல்லலாம் என்று அவளிடம் கேட்பதற்காக. வழக்கமாக அவள் கட்டாயப்படுத்தாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், சும்மா அலமாரியில் வையுங்கள் என்று கெஞ்சுவாள். அந்த வருஷம் அவளே வாயைத் திறந்து, ‘மணியின் நாக்கு’ படித்து அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கம் எழுதி வரச் சொன்னால் மொழிவளம் கூடும் என்றாள். கடினச் சொற்களுக்குப் பொருள் எழுதச் சொல்லலாம், கதையிலிருந்து கற்ற பாடம் என்ன என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம் என்றாள். டீச்சர்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். சொல்லி முடித்துவிட்டு அவள் படி இறங்கி வந்து ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். “முடிஞ்சுது” என்றாள்.

முடிந்துதான் போனது. விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் எழுத்தாளரைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். பேசிவிட்டு வந்த தம்பி அன்று மத்தியானமே அக்காவுக்குப் போன் செய்தான். அவள் எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்களாம். கேள்வி கேளுங்கள் என்றதும் ஒரே ஒரு பையன் எழுந்து, “சார், உங்க புக்குல இருந்து பரீட்சைக்கு எத்தனை கேள்வி வரும்?” என்று கேட்டானாம். “இந்தக் காலத்துப் பசங்களே அப்படித்தான்டா, மனசுல வெச்சுக்காதே” என்று இவள் ஆறுதல் சொன்னாள். போனை வைத்ததும் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அன்று பூராவும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே புத்தகம் அடுக்கினாள்.

தம்பி எழுத நினைத்திருந்த இரண்டாம் பாகத்தைப் போட வேண்டாம் என்று பதிப்பகம் முடிவு செய்தது. அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதி எங்கள் கடைக்கு வந்தபோது தலையைச் சொறிந்தபடி சொன்னார்: பெரியவர்கள் ஒரு தடவை வாங்கினார்கள், சரி, ஆனால் ஒரு பிள்ளைகூட அடுத்தது எப்போது என்று கேட்கவில்லை, இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. மாடியில் பிள்ளைகள் அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஈரத் தரையைத் தாண்டுவது மாதிரி.

தம்பிக்கு யார் போட்டுக்கொடுத்தது என்று கேட்டால், ஒரு டீச்சர்தான், அதுவும் நல்லெண்ணத்தில். உங்கள் அக்காதான் சுருக்கம் எழுதவைக்கச் சொன்னார், நல்ல யோசனை என்று பாராட்டியிருக்கிறார். மறுநாள் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம், தம்பி ஆபீஸ் உடையோடு வந்து நின்றான். அவள் என் மேசைக்குப் பக்கத்தில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போகவில்லை, எதற்குப் போக வேண்டும்?

“ஏன்க்கா இப்படிப் பண்ணே?” என்றான்.

“நல்ல புக்குன்னுதானே சொன்னேன். ஒரு வார்த்தை தப்பா சொன்னேனா? கேட்டுப் பாரு.” சீட்டு ஒட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

“நீ ஒரு கதையை எப்படிச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதாக்கா? உன்கிட்ட கதை கேட்டு வளர்ந்தவன் நான்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“இதை அந்த மைக்குல சொல்லியிருக்கலாமேடா” என்றாள்.

அவன் காரணம் சொல்ல ஆரம்பித்தான். பேச்சு எழுதும்போது அப்படி ஒரு வரி நன்றாக இருக்கும் என்று தோன்றியது, கஷ்டப்பட்டு வந்தவன் என்றால் கூட்டத்துக்குப் பிடிக்கும், பெரிதாக நினைக்கவில்லை என்று என்னென்னவோ. விளம்பரக் கம்பெனிக்காரன் அல்லவா. கடைசியில் குரலை இறக்கி, அது அவள் கதையும்தானே, அவளே அதைக் கொல்லலாமா என்று கேட்டான்.

“ஓடுற வரைக்கும் உன் கதை, படுத்ததும் என் கதையா?” என்று கேட்டாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

அவள் கேட்டது ஒன்றுதான். வருகிற சனிக்கிழமை சாயங்காலம், அதே மாடியில், அதே மைக்கில், பிள்ளைகள் முன்னால் அந்தக் கதை யாருடையது என்று அவன் சொல்ல வேண்டும். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். சொன்னால் அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தைத் என் வழியில், என் வாயால் பிள்ளைகளுக்குச் சொல்வேன், பிறகு பார் அது எப்படி ஓடுகிறது என்றாள். அவன் தலையைக் குனிந்தபடி சரி என்றான். தன்னால் கொல்ல முடிந்ததைத் தன்னாலேயே எழுப்பவும் முடியும் என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

சனிக்கிழமை அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நாற்காலியை மற்றவர்கள் போட்டார்கள், அவள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு நானும் பில் மேசையை வேறு ஆளிடம் விட்டுவிட்டு மாடிக்குப் போனேன். தம்பி மைக்கைப் பிடித்தான். “எனக்குக் கதை சொல்ல யாரும் இல்லைன்னு போன தடவை சொன்னேன். அது பொய். இந்தக் கதை முழுக்க எங்க அக்காவுது. கால் உடைஞ்சு கிடந்தப்ப எனக்காகச் சொன்னது. நான் எடுத்துக்கிட்டேன், கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை” என்றான். பெரியவர்கள் கைதட்டினார்கள். தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் தோழி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், ஒரு ராணிக்கு உண்டான நிமிர்வு. பழி தீர்ந்த முகம் அது, அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் மட்டும் தட்டவில்லை. எப்போது முடியும் என்று நெளிந்துகொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவள் முதல் வேலையாகத் தம்பி மகளைக் கூப்பிட்டாள். நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கிற பெண், ஒல்லி, அப்பா ஜாடை. அவளைக் கம்பளத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு, கடைக்காக இல்லாமல், தன் வீட்டுப் பிள்ளைக்குத் தன் கதை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒரு கோட்டை. அதுல ஒரு மணி” என்று ஆரம்பித்தாள்.

“ஐயோ, அதுவா? வேணாம் அத்தை” என்றாள் அந்தப் பெண்.

ஏன் என்று கேட்டதற்கு முதலில் தயங்கினாள். அப்பா தூரத்தில் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “எங்க கிளாஸ்ல எல்லாரும் லீவு பூரா அதுக்குச் சுருக்கம் எழுதினாங்க அத்தை. எழுதாதவங்க வெளியில நின்னாங்க. அதெல்லாம் எங்க அப்பாவாலதான்னு என்கூட யாரும் சேர மாட்டேங்குறாங்க. என்னை ‘பயனுள்ள பொண்ணு’ன்னுதான் கூப்பிடுறாங்க.”

என் தோழிக்கு முகம் செத்துப்போனது. அந்தச் சொல் யார் வாயிலிருந்து ஊருக்குள் போனது என்று அவளுக்கும் எனக்கும்தான் தெரியும். இருந்தாலும் விடவில்லை. புத்தகத்தில் இருக்கிறது மாதிரி இல்லை, அத்தை சொல்கிறது வேறு மாதிரி இருக்கும், கொஞ்சம் கேள் என்றாள். கோபுரத்துக்குள் ஏறுகிற இடத்துக்கே நேராகப் போனாள், கொல்லர் மகள் பிடித்து ஏறிய கயிறு அறுந்த இடத்துக்குப் போனாள், அங்கே நிறுத்தினாள். எந்தப் பிள்ளையும் கேட்காமல் இருக்க முடியாத இடம் அது. அந்தப் பெண் மரியாதைக்காகக் காத்திருந்துவிட்டு, “எனக்குத் தெரியும் அத்தை. அதுதான் மூணாவது அத்தியாயம். அதுல கடினச் சொல் பதினஞ்சு” என்றாள். அத்தைக்கு வருத்தமாக இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “வேற எதாவது சொல்லுங்க. இந்தக் கதை மட்டும் வேணாம்” என்றாள்.

கெஞ்சியும் ஒரு பிள்ளையை அவளால் கேட்கவைக்க முடியவில்லை. ஒரு பிள்ளையிடம் அவள் கெஞ்சினதே அன்றுதான். எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு கப்பல் கதையை எடுத்துக் கொடுத்தாள். எதுவும் சொல்லாமல்தான் கொடுத்தாள். அந்தப் பெண் கம்பளத்திலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

நாங்கள் இருவரும் கீழே வந்தோம். என் மேசைக்குப் பக்கத்து ஸ்டூலில் அவள் உட்கார்ந்தாள். தம்பியும் அவன் மனைவியும் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றார்கள். அவனுடைய முகம் தெளிந்துவிட்டிருந்தது. சொல்லிவிட்டான், பாரம் இறங்கிவிட்டது, அவனுக்கு இன்னொரு கதை கிடைக்காமலா போகும்? எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. “இன்னும் ரெண்டு வருஷம் படுத்தியிருக்கணும் இவனை” என்றேன். “எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்டி” என்றாள் அவள். “அவன் திருடினப்பகூட அது உசிரோட இருந்துச்சு.”

கொஞ்ச நேரத்தில் தம்பி மகள் படி இறங்கி வந்தாள். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த கப்பல் கதையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு படியாக இறங்கினாள். பில் போடப் புத்தகத்தைக் கேட்டேன். கொடுக்க மனசில்லாமல் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அட்டையை மட்டும் என் பக்கம் திருப்பிக் காட்டினாள். என் தோழி குனிந்து, அட்டையில் இருந்த எழுத்தாளர் பெயரை வாசித்தாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு அவளே எடுத்துக்கொடுத்த புத்தகம்தான் அது. யாரோ எவரோ, முகம் தெரியாத ஆள்.

“இந்த ஆளைப் பார்த்தா வயிறு எரியுதுடி” என்றாள். அந்தப் பெண் அதைக் கேட்கவில்லை. படித்துக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டாள்.